பருந்துக்கு வீசும் குடலும் இறங்கி வரும் விமானமும்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 38. சென்னை விமான நிலையத்துக்கு மேற்கே, ரன்வே முனையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளி கோழிக்கறிக் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. போன மாதம் ஒரு நோட்டீஸ் வந்தது. இறைச்சிக் கழிவால் பறவைகள் கூடுகின்றன, இறங்குகிற விமானங்களுக்கு ஆபத்து, 15 நாளில் விளக்கம் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு பருந்து முக்கால் கிலோ இருக்குமா? விமானம் அறுபது டன். அதை இது என்ன செய்துவிடும்? சாயங்காலம் கடை கழுவும்போது குடலைப் பருந்துக்கு வீசுவது எங்கள் வீட்டுப் பழக்கம். வாயில்லா ஜீவனுக்குப் போடுகிறோம் என்றுதான் அப்பா சொல்வார். சில நாள் இறங்க வந்த விமானம் பெருஞ்சத்தத்தோடு மறுபடி மேலே ஏறிப் போகிறதே, அதுவும் பறவையால்தானா? பறவை மோதினால் பைலட் அப்படித்தான் ஏறிவிட வேண்டுமா? ஏழாவது படிக்கும் என் மகன், இன்ஜினுக்கு முன்னால் வலை கட்டினால் என்ன என்று கேட்கிறான். கடையை மூட வேண்டி வருமா என்பதுதான் எனக்குக் கவலை. பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் 27 வருடம் வெவ்வேறு விமான நிலையங்களில் ஓடுதளப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விடிவதற்கு முன்பே ஜீப்பில் ரன்வேயைச் சுற்றி வந்து, எங்கே பறவை உட்கார்ந்திருக்கிறது, எங்கே செத்துக் கிடக்கிறது என்று பார்ப்பது என் வேலையில் பாதி. உங்களுக்கு வந்தது போன்ற நோட்டீஸ்களுக்கு விவரம் எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: நோட்டீஸில் சொல்லியிருக்கும் ஆபத்து உண்மையானது. ஆனால் அதற்காகக் கடையை மூடித்தான் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இறங்கும் விமானம் சுமார் மூன்று டிகிரி சாய்வில் சீராக இறங்கி வரும். ரன்வே முனையைக் கடக்கும்போது 50 அடி உயரத்தில் இருக்கும். அந்தச் சாய்வை அப்படியே பின்னோக்கி நீட்டிப் பார்த்தால், மூன்று கிலோமீட்டர் தொலைவில் அதன் உயரம் ஏறக்குறைய 550 அடி. அதாவது உங்கள் கடைப் பக்கம். காற்று கிழக்கிலிருந்து வீசும் நாட்களில் விமானங்கள் மேற்கிலிருந்து உங்கள் பகுதி வழியாகத்தான் இறங்கும், ஏனென்றால் எதிர்க்காற்றில் இறங்குவதுதான் முறை.

இப்போது பருந்தைப் பாருங்கள். வெயில் ஏறிய பிறகு தரையிலிருந்து கிளம்பும் சூடான காற்றில், சிறகை அடிக்காமலே வட்டமடித்து மேலே போகும். நூறு அடியிலும் இருக்கும், ஆயிரம் அடியிலும் இருக்கும். கீழே தீனி கிடைக்கும் இடத்தை விட்டு அது தூரம் போவதில்லை. ஆக விமானம் வரும் உயரமும் பருந்து சுற்றும் உயரமும் உங்கள் கூரைக்கு மேலே ஒன்றாகிவிடுகின்றன. கடை ஐந்து கிலோமீட்டர் பக்கவாட்டில் இருந்திருந்தால் நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

அமெரிக்காவில் 1990 முதல் இந்த மோதல்களைப் பதிவு செய்து வருகிறார்கள். பயணிகள் விமானங்களில் நடந்த பறவை மோதல்களில் பத்துக்கு ஏழு, தரையிலிருந்து 500 அடிக்குள் நடந்தவை. கிளம்பும்போது மோதுவதைவிட இறங்கும்போதும் தரை தொட்டு ஓடும்போதும் மோதுவதுதான் அதிகம். மேலே முப்பதாயிரம் அடியில் பறவை மிக அபூர்வம். 1973-இல் ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டுக்கு மேலே 37,000 அடியில் ஒரு கழுகு மோதியதை இன்றும் அதிசயமாகச் சொல்கிறார்கள். மற்றபடி எல்லாமே தரையை ஒட்டி, ஊரை ஒட்டி நடப்பவை.

முக்கால் கிலோ பருந்து என்ன செய்யும் என்று கேட்டீர்கள். இறங்கும் விமானத்தின் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டர் போல இருக்கும். அந்த வேகத்தில் ஒரு பருந்து மோதினால் விழும் அடி, ஐம்பது கிலோ அரிசி மூட்டையை 13 அடி உயர மாடியிலிருந்து போட்டால் விழும் அடிக்குச் சமம். விமானத்தின் உடம்பில் பட்டால் பெரும்பாலும் ஒரு நெளிவோடு போய்விடும். முகப்புக் கண்ணாடி 1.8 கிலோ பறவையைத் தாங்கியாக வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதைச் சோதிக்கச் செத்த கோழியைக் காற்றுப் பீரங்கியில் வைத்துக் கண்ணாடி மேல் சுட்டுப் பார்ப்பார்கள். உங்கள் மகனிடம் சொல்லுங்கள், இது கதையில்லை, பல வருடமாக நடக்கிற சோதனை.

இன்ஜின் சமாசாரம் வேறு. போயிங் 737-800 விமானத்தின் இன்ஜினுக்கு முன்னால் நீங்கள் பார்க்கும் அந்தப் பெரிய விசிறி ஒன்றரை மீட்டர் அகலம், 24 இதழ்கள். கிளம்பும் நேரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐயாயிரம் சுற்று சுற்றும். இதழின் நுனி அப்போது ஒலியைவிட வேகமாகப் போகிறது. அங்கே பறவை விமானத்தின் மேல் மோதுகிறது என்பதைவிட, இதழ் பறவையை வெட்டுகிறது என்று சொல்வதுதான் சரி. ஒரு இதழ் வளைந்தாலே காற்றோட்டம் குலைந்து, இன்ஜின் அதிர்ந்து, ‘டப் டப்’ என்று வெடிப்பது போலச் சத்தம் வரலாம். இறங்கும்போது இன்ஜின் குறைந்த வேகத்தில் ஓடுவதால் அடி கொஞ்சம் குறைவு. இதை நினைவில் வையுங்கள், உங்கள் இன்னொரு கேள்விக்கு இது தேவைப்படும்.

வலை கட்டலாமே என்று உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு இன்ஜினியரிடம் அதையேதான் கேட்டேன். 260 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பறவையைத் தடுக்கும் அளவுக்கு வலை கனமாக இருக்க வேண்டும். கனமான வலை காற்றைத் தடுக்கும். மேலே மேகத்துக்குள் போனால் வலைக்கண்களில் பனிக்கட்டி உறையும். எல்லாவற்றையும்விட, வலையே அறுந்தால் அந்தக் கம்பித் துண்டுகள் நேராக இன்ஜினுக்குள் போகும். பறவையின் சதையைவிட இரும்பு மோசம். அதனால்தான் இன்ஜினையே அடி தாங்குகிற மாதிரி செய்கிறார்கள். அதற்கும் எல்லை உண்டு. இன்ஜினின் அளவைப் பொறுத்து 1.85 கிலோ முதல் 3.65 கிலோ வரை உள்ள ஒரு பெரிய பறவை உள்ளே போனால், இன்ஜின் தொடர்ந்து ஓட வேண்டும் என்று விதி கேட்பதில்லை. தீப்பிடிக்காமல், உடைந்த துண்டுகள் உறையைக் கிழித்து வெளியே பாயாமல் நின்றால் போதும். ஒரு இன்ஜின் நின்றால் இன்னொன்றை வைத்து இறங்கிவிடலாம் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை.

அந்த நம்பிக்கை உடையும் இடம் ஒன்று இருக்கிறது. கூட்டமாக வரும் பறவைகள் இரண்டு இன்ஜினிலும் ஒரே நேரத்தில் புகுவது.

2008 நவம்பர் 10, காலை எட்டு மணிக்குச் சற்று முன்பு. ஜெர்மனியிலிருந்து வந்த ரயன்ஏர் நிறுவனத்தின் 737-800 விமானம் ரோம் நகரின் சியாம்பினோ நிலையத்தில் இறங்கிக் கொண்டிருந்தது. உள்ளே 172 பேர். ரோமில் குளிர்காலம் வந்தால் சோளக்குருவிகள் லட்சக்கணக்கில் வந்து தங்கும். நம் ஊர் மைனாவின் உறவுக்காரப் பறவை, ஒன்று நூறு கிராம்கூடத் தேறாது. தரை தொட ஏழு விநாடி இருக்கும்போது அந்தக் கூட்டம் விமானத்தின் முன்னால் எழுந்தது. கேப்டன் மறுபடி மேலே ஏற முடிவெடுத்தார். ஏறுவதற்காக இன்ஜின்கள் முழு வேகம் எடுக்க முயன்ற அந்த நேரத்தில் குருவிகள் இரண்டு இன்ஜினிலும் புகுந்தன. இரண்டுமே சக்தியை இழந்தன. விமானம் ரன்வேயில் பலமாக விழுந்து, இடது சக்கரக் கால் மடிந்து, இன்ஜின் தரையில் உரசியபடி போய் நின்றது. உயிர்ச்சேதம் இல்லை, பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். விமானம் மறுபடி பறக்கவில்லை. அதன் உடம்பில் 86 இடங்களில் பறவை மோதிய தடம் இருந்தது.

இத்தாலிய விசாரணை அறிக்கை அந்த கேப்டனைத் திட்டி முடித்துக்கொள்ளவில்லை. இறங்கும் கடைசிக் கட்டத்தில் பறவை மோதினால் என்ன செய்ய வேண்டும் என்று பைலட்டுகளுக்கு அதுவரை யாரும் தெளிவாகச் சொல்லிக் கொடுக்கவில்லை, திடுக்கிடும் நேரத்தைச் சமாளிக்கப் பயிற்சியும் இல்லை என்று எழுதியது. நிலையத்தின் பறவை விரட்டும் ஏற்பாடு போதவில்லை என்பதையும் எழுதியது. என் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய அறிக்கை அது. படிக்கும்போது என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போல இருந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பறவை மோதினால் பைலட் ஏறிவிட வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. விமானம் நிதானமாகச் சரியான பாதையில் இறங்கிக் கொண்டிருக்கிறது, ரன்வே எதிரே தெரிகிறது, கண்டிப்பாக இறங்கிவிடலாம் என்ற நிலையில் பறவை குறுக்கிட்டால், இறங்கிவிடுவதுதான் மேல். போயிங் நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது: பறவைக் கூட்டத்தினூடே போக நேர்ந்தாலும் போய் இறங்கு, இன்ஜின் வேகத்தை முடிந்தவரை குறைவாக வை. ஏறப் போனால் இன்ஜின் முழு வேகத்துக்கு வர வேண்டும், அடிபட்டிருக்கக்கூடிய இன்ஜினை அப்போது கசக்க வேண்டியிருக்கும். முன்பே சொன்னேனே, விசிறி வேகமாகச் சுற்றினால் பறவையின் அடியும் பெரிதாகும். இதெல்லாம் உட்கார்ந்து பேசும்போது எளிது. ஏழு விநாடியில் முடிவெடுக்க வேண்டியவருக்கு எளிதில்லை.

நீங்கள் பார்க்கும் விமானங்கள் மேலே ஏறிப் போவதற்கு வேறு காரணங்கள்தான் அதிகம். முன்னால் இறங்கிய விமானம் ரன்வேயை விட்டு இன்னும் விலகியிருக்காது, காற்று திடீரென்று மாறியிருக்கும், வேகமோ உயரமோ சரியாக அமைந்திருக்காது. சில சமயம் ரன்வேயில் நாய் ஓடும். பறவைக் கூட்டத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, இன்னும் உயரம் இருக்கும்போதே ஏறிப் போவதும் உண்டு. அது சரியான முடிவுதான். ஏறிப் போவது விபத்தின் அறிகுறி இல்லை, பைலட்டுகள் வழக்கமாகப் பழகியிருக்கும் ஒரு வேலை. சத்தத்தைக் கேட்டுப் பதற வேண்டாம்.

தென்கொரியாவின் முவான் விபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 2024 டிசம்பர் 29. பாங்காக்கிலிருந்து வந்த ஜேஜு ஏர் விமானம், அதுவும் 737-800. இறங்க வந்துகொண்டிருந்தபோது பறவை நடமாட்டம் இருப்பதாக டவரிலிருந்து எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கைக்கும் பைலட்டின் ‘மேடே’ என்ற அபாய அழைப்புக்கும் இடையே ஒரு நிமிடம் சொச்சம்தான். விமானம் மேலே ஏறி, சுற்றி வந்து, சக்கரம் இறங்காமல் வயிற்றால் உராய்ந்து இறங்கி, ரன்வேயைத் தாண்டி ஒரு கான்கிரீட் மேட்டில் மோதியது. 181 பேரில் 179 பேர் போய்விட்டார்கள். இரண்டு இன்ஜினிலும் பைக்கால் கிளுவை என்ற சிறு வாத்தின் இறகும் ரத்தமும் கிடைத்தன. சைபீரியாவிலிருந்து குளிருக்குத் தெற்கே வரும் பறவை அது. அத்தனை உயிர் போனதற்குப் பறவை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கான்கிரீட் மேடு அங்கே இருந்திருக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு எல்லாம் தொடங்கியது அந்த வாத்துகளிடமிருந்துதான். நான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

பறவை ஏன் விலகிப் போகாது என்று நினைப்பீர்கள். அது விலகத்தான் பார்க்கும். ஆனால் வருவது எவ்வளவு வேகம் என்பதை அதனால் சரியாக எடைபோட முடிவதில்லை. அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சியில், வண்டி வேகமாக எதிரே வருவது போன்ற காட்சியைப் பறவைகளுக்குக் காட்டிப் பார்த்தார்கள். அவை வேகத்தைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, எவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் பறந்தன. மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் போனால் அவற்றுக்கு நேரம் போதவில்லை. விமானம் அதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் வருகிறது. அதிலும் இறங்கும் விமானம் இன்ஜினை அடக்கி வருவதால் முன்பக்கம் சத்தம் குறைவு. கீழே விழும் குடலையே கண்ணால் தொடர்ந்து கொண்டிருக்கும் பருந்துக்கு, பின்னால் வருவது தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இப்போது என் கதை. ஊர் பெயர் வேண்டாம். மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ரன்வே ஓரத்துப் புல்லை வெட்டச் சொன்னேன். வெட்டிய புல்லை அன்றே அள்ளியிருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை, நாளை பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். இரவு மழை பெய்தது. காலையில் வெட்டுப்பட்ட புல்லிலிருந்து வெட்டுக்கிளியும் மண்புழுவும் வெளியே வந்து கிடக்க, நூறு கொக்குகளுக்கு மேல் இறங்கியிருந்தன. அவற்றுக்கு மேலே பருந்துகள். நாங்கள் வெடி போட்டு விரட்டிக் கொண்டிருந்தபோதே அன்றைய முதல் விமானம் இறங்கியது. ஒரு பருந்து வலது இன்ஜினுக்குள் போனது. பத்திரமாக இறங்கிவிட்டார்கள். விசிறியில் மூன்று இதழ்கள் வளைந்திருந்தன. நான் கையுறை மாட்டிக்கொண்டு இன்ஜின் வாயிலிருந்து இறகையும் சதையையும் எடுத்துப் பையில் போட்டேன். கருகிய வாடை. ஏணிப்படியில் இறங்கி வந்த ஒரு பாட்டி, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னப்பா ஆச்சு என்று என்னிடம் கேட்டார். ஒன்றுமில்லை பாட்டி, பறவை அடிபட்டுவிட்டது என்றேன். புல்லை அள்ளாதவன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சியாம்பினோ அறிக்கை என்னை ஏன் அப்படித் தைத்தது என்று இப்போது புரியும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பறவை வருவது பறவையின் குற்றம் இல்லை. நாம் தீனி வைக்கிறோம், அது வருகிறது. நிலையத்துக்குள்ளே நாங்கள் வெடி போடுவோம், காஸ் பீரங்கி வைப்போம், மினுமினுக்கும் நாடா கட்டுவோம், ஆட்காட்டிக் குருவியின் கூட்டைத் தேடி எடுப்போம். நான்கு நாளில் பருந்துக்கு அந்தச் சத்தம் பழகிவிடும். தீனி இருக்கும் வரை எந்த வெடியும் நிலைக்காது. சுவருக்கு உள்ளே நாங்கள் படும் பாடு அத்தனையும் சுவருக்கு வெளியே கிடக்கும் ஒரு மூட்டைக் கழிவில் வீணாகிவிடும்.

இதை நம் நாட்டில் இன்று நேற்றுக் கண்டுபிடிக்கவில்லை. எண்பதுகளிலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், பறவையியல் அறிஞர் சாலிம் அலி தலைமையில், விமானதளங்களைச் சுற்றி ஆராய்ந்து, அறுப்புக் கூடங்களும் குப்பை மேடுகளும்தான் பறவைகளை இழுக்கின்றன என்று காட்டினார்கள். அப்போது பெரிய பயம் பிணந்தின்னிக் கழுகு. அப்புறம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தால், செத்த மாட்டைத் தின்ற அந்தக் கழுகுகள் 97 சதவீதத்துக்கு மேல் அழிந்துபோயின. கழுகு போன இடத்தில் பருந்தும் தெருநாயும் பெருகின. அந்த அழிவு எனக்கு இன்றும் வலிக்கிற விஷயம், அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். 2022 ஜூனில் பாட்னாவிலிருந்து 185 பயணிகளோடு கிளம்பிய விமானத்தின் இடது இன்ஜினில் பறவை புகுந்து தீப்பொறி பறந்ததே, நினைவிருக்கிறதா? கீழே இருந்த ஜனங்கள்தான் முதலில் பார்த்துத் தகவல் சொன்னார்கள். விமானம் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. அந்த நிலையத்தைச் சுற்றியிருக்கும் இறைச்சிக் கழிவைப் பற்றி அதற்குப் பல வருடம் முன்பிருந்தே பேசிக் கொண்டிருந்தார்கள்.

சரி, நோட்டீஸுக்கு வருவோம். அதில் 1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் 91-வது விதி என்று ஏதாவது குறிப்பிட்டிருக்கும். விமான நிலையத்தின் மையப் புள்ளியிலிருந்து பத்து கிலோமீட்டர் ஆரத்துக்குள் விலங்குகளை அறுக்கவோ தோலுரிக்கவோ, பறவைகளை இழுக்கும் குப்பையைக் கொட்டவோ கூடாது என்கிறது அந்த விதி. இறைச்சிக் கடை, மீன் கடை, ஓட்டல் கழிவு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. பெங்களூரில் விமானக் கண்காட்சி நடக்கும்போதெல்லாம் எலஹங்கா விமானதளத்தைச் சுற்றி இறைச்சிக் கடைகளை மூடச் சொல்வது இந்த விதியை வைத்துத்தான். பறவை கூடாதபடி சரியான ஏற்பாடு செய்திருந்தால் அறுப்புக் கூடங்களுக்கு எழுத்து மூலம் அனுமதி தரலாம் என்று அதே விதியில் ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் விதி கடுமையானது. ஆனால் நான் பார்த்த வரையில், ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் தேடுவது வெளியே கிடக்கும் கழிவைத்தான். அது இல்லாத கடையோடு யாரும் மல்லுக்கு நின்றதை நான் பார்த்ததில்லை.

அதனால் நோட்டீஸை மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள். 15 நாள் கெடு தாண்டியிருந்தாலும் எழுத்தில் பதில் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் கடையைச் சரிசெய்துவிடுங்கள். குடல், இறகு, தலை, தோல் எல்லாவற்றுக்கும் இறுக்கமாக மூடும் டிரம் இரண்டு வாங்குங்கள். ஒன்று நிரம்பினால் இன்னொன்று. டிரம் கடைக்கு உள்ளே இருக்கட்டும், வாசலில் வேண்டாம். காகம் மூடியைத் தள்ளப் பழகிவிடும், அதனால் கொக்கி வைத்த மூடியாகப் பாருங்கள். கழிவை அன்றன்றைக்கே எடுத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள், இரவு தங்கக் கூடாது. கோழிக் கழிவை வேகவைத்து எண்ணெயும் தீவனமும் எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன, வண்டி வைத்து வந்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு கடைக்காக வண்டி வராது, பத்துக் கடை சேர்ந்தால் வரும். எடுத்துப் போகிறவரிடம் தினமும் ஒரு துண்டுச் சீட்டில் எடையும் தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். உங்கள் பதிலோடு இணைக்க அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ரத்தம் கழுவிய தண்ணீர் திறந்த சாக்கடையில் போனால் அங்கேயும் காகம் உட்காரும். வடிகட்டி வைத்து, மூடிய குழாயில் விடுங்கள். உயிர்க்கோழியைக் கடையில் அறுக்காமல், சுத்தம் செய்த கறியை வெளியிலிருந்து வாங்கி விற்க முடியுமா என்றும் யோசியுங்கள். வாடிக்கையாளர்கள் கண்ணெதிரே அறுத்தால்தான் வாங்குவார்கள் என்பது எனக்கும் தெரியும், அதனால் இதை இரண்டாவதாகத்தான் சொல்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் ஒரு வக்கீலை உடன் வைத்துக்கொள்ளுங்கள், சட்ட நுணுக்கம் என் தொழில் இல்லை.

நான் மட்டுமா குற்றவாளி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரிகளுக்கு நடுவே அது தெரிந்தது. நியாயமான கேள்வி. பல்லாவரம் பெரிய ஏரியில் பல வருடம் நகரக் குப்பை கொட்டப்பட்டது ஊரறிந்த விஷயம். அது கோழிக்கடைக்காரர்கள் கொட்டியது அல்ல. சின்னக் கடைக்கு நோட்டீஸ் அனுப்புவது சுலபம், குப்பை மேட்டுக்கு யாரிடம் நோட்டீஸ் கொடுப்பது? விமான நிலையமும் உள்ளாட்சியும் காவல்துறையும் சேர்ந்து உட்காரும் சுற்றுச்சூழல் குழு ஒன்று இருக்கிறது. உங்கள் வியாபாரிகள் சங்கத்தின் பெயரில் அந்தக் குழுவுக்கு ஒரு மனு கொடுங்கள். நாங்கள் எங்கள் கழிவை ஒழுங்குபடுத்திவிட்டோம், திறந்த குப்பைக்கும் ஒரு முடிவு கட்டுங்கள் என்று கேளுங்கள். முதலில் நீங்கள் செய்துவிட்டுக் கேட்டால் அவர்கள் தட்டிக் கழிக்க முடியாது.

கடைசியாக, எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கும் விஷயம். பருந்துக்குக் குடல் வீசுவதை நிறுத்த வேண்டும். அப்பா வழியாக வந்த பழக்கம், இரக்கத்தில் செய்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தீனிக்காக மேலே சுற்றும் பருந்துதான் முதலில் சாகிறது. நான் பையில் அள்ளிய பறவைகளில் பலவற்றின் இரைப்பையில் கோழிக் குடல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். பருந்து தீனியில்லாமல் செத்துப் போகாது, வேறு இடம் தேடிப் போகும். எலி பிடிக்கும், பூச்சி பிடிக்கும், அதற்குத் தெரியும். நிறுத்திய முதல் வாரம் அதே நேரத்துக்கு வந்து கத்தும், மனம் கேட்காது. ஒரு துண்டு போட்டாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். யாராவது விஷம் வை, கவண் கல்லால் அடி என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பருந்து சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் பறவை.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை தருகிறேன். பள்ளிவிட்டு வந்ததும் மாலை ஐந்து மணிக்கு மாடிக்குப் போய், கடைக்கு மேலே எத்தனை பருந்து சுற்றுகிறது என்று எண்ணட்டும். பத்து நிமிடம் போதும். தேதி, நேரம், எண்ணிக்கை, மழையா வெயிலா, இது மட்டும் ஒரு நோட்டில். வீசுவதை நிறுத்துவதற்கு முன் மூன்று நாள், நிறுத்திய பின் பத்து நாள். நாங்கள் நிலையத்தில் செய்ததும் இதே கணக்குதான். அந்தப் பக்கங்களை நகலெடுத்து, துண்டுச் சீட்டுகளோடு உங்கள் பதிலில் இணைத்துவிடுங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்பச் சொல்லுங்கள், எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.